ஊட்டியில் சுட்ட ஒரு கறுப்பு வில்லையும் அதன் எலக்ட்ரான்களும்

இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த கறுப்பு வில்லை ஒன்றைச் செய்து, திரவ நைட்ரஜனில் குளிர வைத்து, அதன் மேல் ஒரு சின்னக் காந்தத்தை மிதக்க விடுவது இன்று பல கல்லூரிகளில் நடக்கிற காரியம். அழகான காட்சிதான். ஆனால் நான் பார்க்க விரும்பியது வேறு. அதே வில்லையிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனை எடுத்துவிட்டால், அது மீக்கடத்தியாக, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருளாக, மாறும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே போகிறது. நிறைய எடுத்துவிட்டால் மீக்கடத்தி என்ன, உலோகமாகவே இருப்பதில்லை. மின்சாரத்தை மறித்து நிற்கிறது. திரும்ப ஆக்சிஜன் கொடுத்தால் பழைய குணம் வந்துவிடுகிறது. தாமிரமும் பேரியமும் இட்ரியமும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. மாறுவது எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மட்டும்தான், அதுவும் மிகக் கொஞ்சம். ஒரே துண்டில் இந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் அளந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1911-ல் பாதரசத்தில் 4.2 கெல்வினில் மீக்கடத்தலைக் காமர்லிங் ஓனஸ் கண்டார். அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டு முயன்றும் 23 கெல்வினைத் தாண்ட முடியவில்லை. 1986-ல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸ், ம்யூல்லர் இருவரும் லாந்தனம், பேரியம், தாமிரம் கலந்த ஆக்சைடில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு. 1987 தொடக்கத்தில் வூ, பால் சூ குழுவினர் லாந்தனம் இருந்த இடத்தில் இட்ரியத்தை வைத்து 93 கெல்வினைத் தொட்டார்கள். திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். அந்த ஒரு தாவல் இல்லாவிட்டால் இந்த வேலையை மலைமேல் ஒரு பட்டறையில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்கவே முடியாது.

பத்துக் கிராம் கலவைக்கு அளவு இது: இட்ரியம் ஆக்சைடு 1.513 கிராம், பேரியம் கார்பனேட் 5.289 கிராம், காப்பர் ஆக்சைடு 3.198 கிராம். இட்ரியம் ஆக்சைடு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் என்பதால் முதலில் உலையில் காய வைத்து, சூடு ஆறியதும் உடனே நிறுத்தேன். பேரியம் கார்பனேட் விஷம். கையுறை, முகமூடி இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. சமையல் பாத்திரம் எதுவும் அந்த மேசைப் பக்கம் வரக் கூடாது.

மூன்றையும் அகேட் கல்வத்தில் போட்டு அரைப்பதுதான் உண்மையான வேலை. வெள்ளைப் பொட்டோ கறுப்புப் பொட்டோ தெரியாமல் ஒரே சாம்பல் நிறம் வரும் வரை அரைக்க வேண்டும். திடப்பொருள் வினையில் அணுக்கள் நடந்து போய்த்தான் ஒன்றையொன்று சேர்கின்றன. தூள் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு குறைவு அவை நடக்க வேண்டிய தூரம். அப்புறம் அலுமினா மூசையில் போட்டு 920 டிகிரி செல்சியஸில் 12 மணி நேரம் சுட்டு, எடுத்து, மறுபடி அரைத்து, மறுபடி சுட்டேன். பேரியம் கார்பனேட்டில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு இந்தக் கட்டத்தில் வெளியேறுகிறது. முதல் சுற்றில் ஆங்காங்கே பச்சை தெரிந்தது. இட்ரியம் இரண்டு, பேரியம் ஒன்று, தாமிரம் ஒன்று என்ற விகிதத்தில் அமையும் சேர்மத்தின் நிறம் அது. மின்சாரம் கடத்தாது. அந்தப் பச்சை முழுவதும் மறைந்து நல்ல கறுப்பு வரும் வரை நான் அடுத்த படிக்குப் போகவில்லை.

அச்சு குன்னூரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கியது. அழுத்தியது லாரிக்குப் போடும் ஹைட்ராலிக் ஜாக்கியால். வில்லையைக் குவார்ட்ஸ் குழாய் உலையில் 940 டிகிரியில் வைத்தேன்; 950-ஐத் தாண்ட விடவில்லை, தாண்டினால் அங்கங்கே உருகத் தொடங்கும். பிறகு ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆறவிட்டு, 450 டிகிரியில் இரவு முழுக்க நிறுத்தினேன். ஆக்சிஜன் சிலிண்டர் கேஸ் வெல்டிங் செய்கிற பட்டறையிலிருந்து வந்தது. அதன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது, தீப்பிடிக்கும்.

இங்கே மலையின் பங்கைச் சொல்லியாக வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே. அதாவது காற்றில் ஆக்சிஜனின் அழுத்தமும் அதே அளவு குறைவு. இந்தச் சேர்மம் எவ்வளவு ஆக்சிஜனை உள்ளே வைத்துக்கொள்ளும் என்பது வெப்பநிலையையும் வெளியே இருக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தையும் பொறுத்தது. மெட்ராஸில் வெறும் காற்றில் ஆறவைத்து எடுத்த வில்லையும் இங்கே அப்படியே எடுத்த வில்லையும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் சிலிண்டர். இன்னொன்று ஈரம். இந்தச் சேர்மத்தை நீராவி மெல்ல அரித்துவிடும். மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே அறைக்குள்ளேயே வந்துவிடுகிற ஊர் இது. அதனால் காற்று காய்ந்திருக்கும் தை, மாசியில்தான் வேலையை வைத்துக்கொண்டேன். அப்போதும் வில்லைகள் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவை விட்டு வெளியே இருந்த நேரம் குறைவு.

அழுத்தக் குறைவால் ஒரு லாபமும் உண்டு. தண்ணீர் இங்கே 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுவது போல நைட்ரஜனும் சீக்கிரம் கொதிக்கிறது. கணக்குப் போட்டால் 77.4 கெல்வினுக்குப் பதில் சுமார் 75 கெல்வின் வருகிறது. வெப்பநிலையைத் தன் மின்தடையால் காட்டும் என் பிளாட்டினம் வெப்பமானி நைட்ரஜனுக்குள் 20.3 ஓமுக்குப் பதில் 19.3 ஓமைக் காட்டியது. கணக்கும் கருவியும் ஒத்துப் போனதில் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல. அதற்கப்புறம்தான் மற்ற அளவுகளை நம்பத் தொடங்கினேன்.

நைட்ரஜன் கிடைத்தது கால்நடைத் துறை நண்பர் ஒருவர் மூலமாக. மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டலுக்கான விந்துக் குச்சிகளை அதில்தான் வைத்திருக்கிறார்கள். "இந்தக் குளிரும் பத்தாதுன்னு இன்னும் குளிர் கேக்குறீங்களே சார்" என்றார். கேனின் மூடியை இறுக்காமல், காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டுவர வேண்டும். மூடிய அறையில் நைட்ரஜன் ஆவியானால் மூச்சுக்கு ஆக்சிஜன் இல்லாமல் போகும். வாசனை எதுவும் வராது, எச்சரிக்கையும் இருக்காது.

அளவெடுப்புக்கு வருகிறேன். வில்லையிலிருந்து 12 மில்லிமீட்டர் நீளம், 3 அகலம், 2 கனத்தில் ஒரு பட்டையை அறுத்து எடுத்தேன். அதன் மின்தடை சில மில்லி ஓம்கள்தான். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளை வைத்தால் கம்பியின் தடையும் தொடுமிடத்தின் தடையும்தான் தெரியும். அதனால் நான்கு முனை முறை: ஓரத்து இரண்டு முனைகள் வழியே 100 மில்லி ஆம்பியர் செலுத்த வேண்டும், நடுவில் உள்ள இரண்டு முனைகளில் மின்னழுத்தத்தை மட்டும் பார்க்க வேண்டும். நடு முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் தொடுமிடத்தின் தடை கணக்கில் வராது. முனைகளுக்கு வெள்ளிப் பசை பூசி, ஆக்சிஜனிலேயே சுட்டேன். வருகிற மின்னழுத்தம் ஒரு மில்லி வோல்ட் அளவு. அதைப் பெருக்க ஒரு ஐசி, பதிவு செய்ய ஒரு ஆர்டுயினோ. ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தின் திசையை மாற்றி இரண்டு முறை அளந்து சராசரி எடுத்தால், வெப்பநிலை வேறுபாட்டால் கம்பிகளில் தானாகத் தோன்றும் மைக்ரோ வோல்ட்கள் கழிந்துவிடும். இதைச் செய்யாமல் 'தடை பூஜ்யம்' என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

முதல் ஓட்டம். அறை வெப்பநிலையிலிருந்து கீழே வர வர, தடை அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சீராகக் குறைந்தது. 95 கெல்வின் பக்கம் வளைந்து, 92-ல் சரேலென்று விழுந்து, 89-ல் என் கருவிக்கு எட்டாத அளவுக்குப் போய்விட்டது.

எல்லோரும் பார்ப்பது அந்த வீழ்ச்சியை. எனக்கு அதற்கு மேலே இருக்கிற நேர்கோடுதான் பெரிய விஷயமாகப் பட்டது. உதவிக்கு வந்திருந்த அக்கா மகள், இயற்பியல் படிக்கிறவள், உடனே கேட்டாள்: "செம்புக் கம்பியும் இதே மாதிரி நேர்கோடாத்தானே மாமா இறங்கும்?" மிகச் சரியான கேள்வி. செம்புக் கம்பியை அதே பிடியில் வைத்து ஓட்டினால் 300-லிருந்து 100 கெல்வின் வரை கிட்டத்தட்ட நேர்கோடுதான் வரும். ஆகவே என் வரைபடம் மட்டும் எதையும் நிரூபிக்காது. வித்தியாசம் தெரிவது அந்த எல்லைக்கு வெளியே. செம்பில் எலக்ட்ரான்கள் மோதிச் சிதறுவது அணுக்களின் அதிர்வால். குளிர்ந்தால் அதிர்வு அடங்கும், கோடு வளைந்து தட்டையாகிவிடும். தாமிர ஆக்சைடுகளிலோ, உகந்த கலப்பில், கோடு வளைய மறுக்கிறது. 1987-லேயே லாந்தனம் வகைச் சேர்மத்தில் குர்விட்ச், ஃபியோரி இருவரும் ஏறக்குறைய 1,000 கெல்வின் வரை இதே நேர்கோட்டை அளந்தார்கள். வலுவான காந்தப்புலத்தால் மீக்கடத்தலை அடக்கிவிட்டுப் பார்த்தால் கீழேயும் அது தொடர்கிறது. அந்த உயர்ந்த வெப்பநிலைகளில் ஒரு எலக்ட்ரான் இரண்டு மோதல்களுக்கு நடுவே போகும் தூரம், அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எலக்ட்ரானைத் தனித்தனியாக ஓடுகிற துகளாக நினைத்துப் போடுகிற கணக்கு அங்கே பொருளிழந்து போகிறது. இந்த நிலையை விநோத உலோகம் என்கிறார்கள். மீக்கடத்தலை விட இது புரிந்துகொள்ளக் கடினமானது என்று பல இயற்பியலாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இனி ஆக்சிஜனை எடுக்கும் வேலை. பட்டையோடு கூட, வெள்ளி பூசாத ஒரு கிராம் துணை வில்லையையும் எப்போதும் உலைக்குள் ஒரே படகில் (படகு வடிவத் தட்டு) வைத்தேன். பட்டையில் நடப்பதுதான் அதிலும் நடக்கும். எடையை மட்டும் துணை வில்லை சொல்லும். ஒரு சூத்திர அலகுக்கு ஏழு ஆக்சிஜனிலிருந்து ஆறுக்கு இறங்கினால் எடையில் 2.4 சதவீதம் போகும், கிராமுக்கு 24 மில்லிகிராம். தேயிலையின் ஈரப்பதம் பார்க்கிற ஆய்வகம் ஒன்றில் வேலை செய்யும் நண்பரிடம் நான்கு தசம இலக்கத் தராசு இருந்தது. ஆக்சிஜன் எண்ணில் 0.01 மாறினாலும் அதில் தெரிந்துவிடும். முழுதாக ஆக்சிஜன் ஏறிய நிலையை 6.95 என்று வைத்துக்கொண்டேன்.

காற்றிலேயே 550 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருந்து, படகை வெளியே இழுத்துத் தடித்த பித்தளைக் கட்டியின் மேல் வைத்துச் சட்டென்று ஆற வைத்தேன். மெதுவாக ஆற விட்டால் போன ஆக்சிஜன் வழியிலேயே திரும்பி ஏறிவிடும். துணை வில்லை 5 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக இழந்திருந்தது. கணக்குப்படி 6.73. நைட்ரஜன் கொதிக்கும் வெப்பநிலை வரை பட்டையில் வீழ்ச்சியே இல்லை; தடை 0-வுக்கு வரவில்லை.

இன்னும் கீழே போக, ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவரின் வேக்குவம் பம்ப்பை இரவல் வாங்கினேன். கண்ணாடி ஃபிளாஸ்க் உள்நோக்கி வெடிக்கலாம் என்பதால் எவர்சில்வர் ஃபிளாஸ்க், அதன் மேல் ரப்பர் வளையம் வைத்த தடித்த அக்ரிலிக் மூடி. அழுத்தம் குறையக் குறைய நைட்ரஜன் தன்னைத்தானே குளிர்வித்துக்கொண்டு 63 கெல்வினில் வெள்ளையாக உறைந்துபோகும். அதற்கு முன்பே, 72-ல் தொடங்கி, தடை விழ ஆரம்பித்தது. 65-ல் பூஜ்யம். ஏழு ஆக்சிஜனில் கடைசி ஒன்றில் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனதற்கே இருபது கெல்வின் இறங்கிவிட்டது.

அந்த வரைபடத்தில் இன்னொன்றும் இருந்தது. 200 கெல்வினுக்குக் கீழே கோடு நேராக இல்லை. மீக்கடத்தலுக்கு வெகு மேலேயே லேசாகக் கீழ்நோக்கி வளைந்தது. போலி இடைவெளி என்று சொல்லப்படுவதன் சாயல் அது. ஆக்சிஜன் குறைந்த தாமிர ஆக்சைடுகளில், மீக்கடத்தல் தொடங்கும் முன்பே எலக்ட்ரான்களின் ஒரு பகுதி ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறது. 1989 வாக்கில் அணுக்கரு காந்த ஒத்திசைவுச் சோதனைகளில் இது தெரியவந்தது. ஒளியால் எலக்ட்ரானை வெளியே தட்டி அளக்கும் சோதனைகளில், தாமிர-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் போகும் எலக்ட்ரான்கள் மறைந்து, மூலைவிட்டத் திசையில் போகிறவை மட்டும் துண்டு துண்டாக மிஞ்சி நிற்பதைப் பார்த்தார்கள். என் பட்டை ஆயிரக்கணக்கான சின்னப் படிகங்கள் ஒட்டியது. அதில் இந்த வளைவு மங்கலாகத்தான் வரும். வந்தது என்பதே எனக்குப் போதும்.

கடைசியாக, கேனிலிருந்து ஆவியாகும் நைட்ரஜன் வாயுவையே குழாய் வழியே ஓட்டி, 750 டிகிரியில் வைத்து ஆக்சிஜனை இயன்றவரை வெளியேற்றினேன். எடைப்படி 6.1. பட்டை அதே கறுப்பு, அதே அளவு. ஆனால் அறை வெப்பநிலையிலேயே தடை ஓம் கணக்கைத் தாண்டிவிட்டது. குளிரக் குளிரக் குறைவதற்குப் பதிலாக ஏறியது. நைட்ரஜனுக்குள் இறக்குவதற்கு வெகு முன்பே என் சுற்றின் எல்லைக்கு வெளியே போய்விட்டது.

இந்த மூன்றாவது வரைபடம்தான் முழுக் கதைக்கும் சாவி. பாடப்புத்தக விதிப்படி, மின்சாரம் கடத்தாத இந்தக் காப்பான் உலோகமாக இருக்க வேண்டும். எலக்ட்ரான்கள் ஓடுவது தாமிரமும் ஆக்சிஜனும் சதுரமாக அடுக்கிய தளங்களில். ஒவ்வொரு தாமிரத்திலும் வெளி அடுக்கில் ஒன்பது எலக்ட்ரான்கள். பத்துக்கு ஒன்று குறை. ஆக, தாமிரத்துக்கு ஒரு இணையில்லா எலக்ட்ரான். எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் பட்டையில் (band) பாதிதான் நிறைந்திருக்கிறது, தாராளமாக ஓடலாம். ஓடுவதில்லை, ஏனென்றால் ஒரு எலக்ட்ரான் பக்கத்துத் தாமிரத்துக்குத் தாவினால் அங்கே ஏற்கெனவே இருப்பதோடு ஒரே இடத்தில் நெருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கடுமையாக விலக்கும். அதற்கு ஆகும் ஆற்றல் தாவுவதில் கிடைக்கும் லாபத்தைவிட அதிகம். மே மாதம் மலர்க் கண்காட்சி நேரத்தில் குன்னூர் மலைப்பாதையில் வண்டிகள் முட்டி முட்டி நிற்குமே, அப்படி. எல்லா வண்டியும் ஓடக்கூடியதுதான், ஆனால் எதுவும் நகராது. ஒரு வண்டி ஒதுங்கி ஒரு இடைவெளி விழுந்தால், அந்த இடைவெளி வரிசை நெடுகப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும்.

அந்த இடைவெளியை உண்டாக்குவதுதான் ஆக்சிஜன். இந்தச் சேர்மத்தில் தளங்களுக்கு நடுவே தாமிரமும் ஆக்சிஜனும் சங்கிலியாக ஓடும் அடுக்கு ஒன்று உண்டு. நான் உலையில் எடுத்ததும் கொடுத்ததும் அந்தச் சங்கிலி ஆக்சிஜனைத்தான். உள்ளே வரும் ஒவ்வொரு ஆக்சிஜனும் இரண்டு எலக்ட்ரான்களை இழுக்கப் பார்க்கிறது; ஒரு பங்கு தளத்திலிருந்து போகிறது. தளத்தில் துளை விழுகிறது. நூறு தாமிரத்துக்கு 16 துளை என்ற அளவில் மாறுவெப்பநிலை, அதாவது மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலை, உச்சத்தில் இருக்கிறது. ஐந்து சதவீதத்துக்குக் கீழே மீக்கடத்தலே இல்லை.

உறைந்து நின்ற எலக்ட்ரான்கள் சும்மாவும் இருப்பதில்லை. அவற்றின் காந்தத் தற்சுழற்சி மேல், கீழ், மேல், கீழ் என்று பக்கத்துக்குப் பக்கம் எதிராக அடுக்கிக்கொள்கிறது. ஆக்சிஜன் முழுதும் போன இட்ரியம் சேர்மத்தில் இந்த ஒழுங்கு 400 கெல்வினுக்கு மேலும் நிலைக்கிறது. அதாவது என் மேசை மேல் கிடந்த அந்த மூன்றாம் நிலைப் பட்டை, வெளியே ஒரு ஆணியைக்கூட இழுக்காத ஒரு காந்தமாக இருந்தது. நியூட்ரான் சிதறல்தான் அதைக் காட்டும். துளைகள் இந்த ஒழுங்கை உடைத்துக்கொண்டு நகர்கின்றன. ஒழுங்கு போன பின்னும் பக்கத்து எலக்ட்ரான்கள் எதிரெதிராக இருக்க விரும்புவது போவதில்லை. அந்த விருப்பமே எலக்ட்ரான்களை இணை சேர்க்கிறது என்ற எண்ணத்தை 1987-ல் பிலிப் ஆண்டர்சன் முன்வைத்தார். அதே ஆண்டு அதைக் கணிதமாக வளர்த்த கட்டுரையில் பாஸ்கரன், ஸூ, ஆண்டர்சன் மூவரின் பெயர் இருக்கிறது. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் கணபதி பாஸ்கரன்தான் அவர். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ராமன், சந்திரசேகர் பெயர்களுக்கு அடுத்துத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இணை உண்டு என்பதில் சந்தேகம் இல்லை. வளையத்துக்குள் சிக்கும் காந்தப்பாயம் இரண்டு எலக்ட்ரான் மின்னேற்றத்துக்கான அலகில் வருவதை ஆரம்ப ஆண்டிலேயே அளந்துவிட்டார்கள். பழைய மீக்கடத்திகளில் இணையின் அலை எல்லாத் திசையிலும் ஒன்றுபோல இருக்கும். இங்கே நான்கு மடல்கள், அடுத்தடுத்த மடல்களுக்குக் குறி எதிர். மூலைவிட்டத் திசைகளில் பூஜ்யம். ஐபிஎம்மின் ட்ஸ்யூ, கிர்ட்லி குழுவினர் 1994-ல் மூன்று படிகங்களைக் கோணம் மாற்றி ஒட்டி, சந்திப்பில் பாதி அலகு காந்தப்பாயம் தானாகத் தோன்றுவதைப் பார்த்து இதை உறுதி செய்தார்கள். இப்படி அமைந்தால் இணையின் இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே தாமிரத்தில் சந்திக்கவே தேவையில்லை. மூன்றாம் வரைபடத்தில் அவற்றை உறைய வைத்த அந்த விலக்கத்துக்கு, முதல் வரைபடத்தில் அவை கண்டுபிடித்த வழி இதுதான் என்று நான் படித்துக்கொள்கிறேன். இணைக்கும் பசையில் அணு அதிர்வுக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

பட்டையைத் திரும்ப ஆக்சிஜன் ஓட்டத்தில் வைத்து, 450 டிகிரியில் இரவு முழுக்க நிறுத்தி, மெதுவாக ஆற விட்டேன். துணை வில்லை இழந்த எடையில் அரை மில்லிகிராம் தவிர எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது. தடை 91-ல் விழுந்து 87-ல் பூஜ்யம். இரண்டு கெல்வின் குறைவு, வீழ்ச்சியும் கொஞ்சம் சரிவு. சட்டென்று ஆற வைத்தபோது படிகங்களுக்கு நடுவே விழுந்த மயிரிழை விரிசல்கள் காரணமாக இருக்கலாம். அறை வெப்பநிலைத் தடையும் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் துளை குறைவான பக்கம். உச்சத்தைத் தாண்டி அதிகத் துளை போட்டாலும் மாறுவெப்பநிலை இறங்குகிறது, ஆனால் அங்கே எலக்ட்ரான்கள் மெல்ல மெல்லச் சாதாரண உலோகத்தின் நடத்தைக்குத் திரும்புகின்றன. ஆக்சிஜனால் மட்டும் அந்தப் பக்கம் அதிக தூரம் போக முடியாது. இட்ரியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கால்சியம் போட வேண்டும். மூன்று மின்னேற்றம் உள்ள அயனி இருந்த இடத்தில் இரண்டு உள்ளது வந்தால் துளை கூடும். பத்தில் ஒரு இட்ரியத்துக்குக் கால்சியம் என்று தொடங்கப் போகிறேன். கால்சியம் கார்பனேட் வாங்கி வைத்தாயிற்று. அக்கா மகள் எடைக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அடுத்த காய்ந்த பருவத்துக்குள் கல்வத்தைச் சுத்தமாக அமிலத்தில் கழுவி வைக்க வேண்டும்.